மீன் தொட்டிக்கு ஏர்லிஃப்ட் பம்பு: அமைப்பதும் அளப்பதும்

கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கம்ப்ரசர் பொருத்திய ஆழ்துளைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு ஏர்லிஃப்ட் பம்பு புதிய பொருள் அல்ல. கிணற்றுக்குள் மெல்லிய குழாய் ஒன்றின் வழியாகக் காற்றை இறக்குவார்கள். அது அடியில் பெரிய குழாய்க்குள் புகுந்து, தண்ணீரோடு கலந்து, விட்டுவிட்டுச் சீறிக்கொண்டு மேலே வந்து கொட்டும். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களின் கண்ணாடித் தொட்டிகளில், பஞ்சு வடிகட்டியின் நடுக்குழாயில் குமிழிகள் ஏறித் தண்ணீரைத் தள்ளுவதும் இதே வேலைதான். கார்ல் லோஷர் என்ற ஜெர்மானியச் சுரங்கப் பொறியாளர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த இந்த முறையில் தண்ணீருக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. மின்சாரமும் தண்ணீருக்குள் இறங்குவதில்லை.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மானியம் வந்த பிறகு, கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்த் தொட்டி போட்டுத் திலேப்பியாவோ விராலோ வளர்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தொட்டியை, அதாவது 4 மீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீராழமும் கொண்டு சுமார் 12,500 லிட்டர் பிடிக்கும் தொட்டியை எடுத்துக்கொண்டு, அதன் தண்ணீரை வடிகட்டிக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவரும் ஏர்லிஃப்டை எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன். வேறு அளவுத் தொட்டி வைத்திருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் வழி மாறாது.

தண்ணீர் ஏன் ஏறுகிறது

இரு முனையும் திறந்த குழாய் ஒன்றைத் தண்ணீருக்குள் நட்டமாக நிறுத்தினால், குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாகவே இருக்கும். குழாயின் அடிப்பகுதியில் காற்றை விட்டால், உள்ளே இருப்பது வெறும் தண்ணீராக இல்லாமல் தண்ணீரும் காற்றும் கலந்த எடை குறைந்த கலவையாகிவிடுகிறது. வெளியே உள்ள கனமான தண்ணீர் அந்த லேசான கலவையை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. குமிழி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவதாகப் பலர் நினைக்கிறார்கள். தள்ளும் வேலையைப் பெரும்பாலும் செய்வது வெளியே இருக்கும் தண்ணீரின் எடையே.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வெளியே எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவுக்குத்தான் தள்ளும் வலு இருக்கும். காற்று நுழையும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தை, அந்த இடத்திலிருந்து தண்ணீர் கொட்டும் வாய் வரை உள்ள மொத்த உயரத்தால் வகுத்தால் கிடைப்பது அமிழ்வு விகிதம். ஆழ்துளைக் கிணற்றில் காற்றுக்குழாய் பல பத்து மீட்டர் தண்ணீருக்கடியில் இருப்பதால், நீர்மட்டத்துக்கு மேலே பல மீட்டர் ஏற்றினாலும் விகிதம் தாங்குகிறது. 1 மீட்டர் ஆழமுள்ள மீன் தொட்டிக்கு அந்த வசதி இல்லை. இங்கே விகிதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். 80-க்குக் கீழே போனால் தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிடும்.

கிணற்றுக் கம்ப்ரசரின் நினைப்பிலேயே தொட்டிக்கு ஏர்லிஃப்ட் போடுபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தண்ணீரை மேலே உள்ள ஒரு டிரம்முக்கு ஏற்ற வேண்டும், அங்கிருந்து வழிந்து வர வேண்டும் என்று திட்டமிடுவார்கள். 1 மீட்டர் ஏற்றத்துக்குச் சாதாரண நீர்மூழ்கி மோட்டாரே போதும். ஏர்லிஃப்ட் அந்த வேலைக்கு உதவாது. சில சென்டிமீட்டர் மட்டுமே உயர்த்தி, ஏராளமான தண்ணீரை இடம் மாற்றுவது அதன் வேலை. ஆகவே மீன் தொட்டி, கசடு படியும் தொட்டி, வடிகட்டிப் பெட்டி ஆகிய மூன்றையும் ஏறக்குறைய ஒரே நீர்மட்டத்தில் வைத்துப் பண்ணையை அமைக்க வேண்டும். பம்பை வாங்குவதற்கு முன்பே தரையைச் சமன் பார்ப்பது நல்லது. ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் பிடித்துப் பார்க்கும் கொத்தனாரின் முறையே இதற்குப் போதும்.

எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும், எவ்வளவு ஆக்சிஜன் வரும்

அறுவடைக்கு முன் தொட்டியில் 300 கிலோ திலேப்பியா இருப்பதாகவும், உடல் எடையில் 2 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 6 கிலோ தீவனம் போடுவதாகவும் கொள்வோம். 30 விழுக்காடு புரதமுள்ள தீவனமானால், அதிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். வடிகட்டியின் வழியாக ஒரு முறை போகும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராம் குறைகிறது என்று வைத்தால், நாளுக்கு 165 கன மீட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 லிட்டர் ஓட வேண்டும். வடிகட்டி எப்போதும் நாம் நினைத்தபடி வேலை செய்வதில்லை. அதனால் மணிக்கு ஒரு முறை தொட்டித் தண்ணீர் முழுவதும் சுற்றிவருமாறு நிமிடத்துக்கு 210 லிட்டர் என்று இலக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அடுத்து ஆக்சிஜன். ஒரு கிலோ தீவனத்துக்கு 400 கிராம் ஆக்சிஜன் செலவாகும் என்று கொண்டால், 6 கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.4 கிலோ, மணிக்கு 100 கிராம் தேவை. 28 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனோடு நிறைவடைந்துவிடும்; அதற்கு மேல் சாதாரணக் காற்றால் ஏற்ற முடியாது. தொட்டித் தண்ணீர் 5 மில்லிகிராமில் இருந்து, ஏர்லிஃப்டின் வழியாக வரும்போது 6.5 ஆக உயர்கிறது என்று தாராளமாகவே வைத்தாலும், மணிக்கு 12.6 கன மீட்டர் ஓட்டத்தில் கிடைப்பது 19 கிராம்தான். தேவை 100 கிராம். "ஏர்லிஃப்ட் போட்டாயிற்று, இனி ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் நுண்துளைக் கல்) வேண்டாம்" என்று முடிவுசெய்து மீனை அடர்த்தியாக விடுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். தொட்டிக்குக் கன மீட்டருக்கு 4, 5 கிலோ மீன் மட்டுமே விடுகிறவருக்கு ஏர்லிஃப்டே காற்றூட்டத்தையும் கவனித்துக்கொள்ளும். 24 கிலோ விடுகிறவர் தொட்டிக்குள் தனியாக ஏர் ஸ்டோனோ நுண்துளைக் குழாயோ போட்டு, நிமிடத்துக்கு 300 லிட்டருக்குக் குறையாமல் காற்று விட வேண்டியிருக்கும்.

ஆக்சிஜனை விடவும் பேசப்படாத ஒரு நன்மை உண்டு. மீன் மூச்சுவிடுவதால் சேரும் கரியமில வாயுவைக் குமிழி வெளியே எடுத்துச் செல்கிறது. திரவ ஆக்சிஜனைக் கரைத்துவிடும் பெரிய பண்ணைகளில் ஆக்சிஜன் மீட்டர் நன்றாகக் காட்டும்போதே மீன் சோர்ந்து நிற்பதற்குக் கரியமில வாயுத் தேக்கம் ஒரு காரணம். காற்றால் ஓட்டும் தொட்டிகளில் அந்தத் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெளிவரும்போது ஆக்சிஜன் மிகக் குறைந்தும் கரியமில வாயு மிகுந்தும் இருப்பது வழக்கமாதலால், புதுத் தண்ணீரை நேராக மீனின் மேல் விடாமல் ஏர்லிஃப்ட் ஓடும் பெட்டியில் விடுவது நல்லது.

குழாயும் காற்று வளையமும்

குழாயை அங்குலத்தில் கேட்காமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். 3 அங்குலம் என்று கேட்டால் ஒரு கடையில் 75 மி.மீ. குழாயும் இன்னொரு கடையில் 90 மி.மீ. குழாயும் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது 90 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய். ஏர்லிஃப்டில் தண்ணீர் விநாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் ஏறும் என்று எடுத்துக்கொண்டால், இந்தக் குழாய் ஒன்றில் நிமிடத்துக்கு 130 லிட்டர் வரும். இரண்டு போட்டால் 260. இலக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதோடு, ஒன்றைக் கழற்றிக் கழுவும்போது மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒரே பெரிய குழாயைவிட இரண்டு நடுத்தரக் குழாய்களே சிறு பண்ணைக்கு ஏற்றவை என்பது என் எண்ணம்.

குழாயின் பக்கத்தில் ஒரு துளை போட்டு நேராக ஹோஸைச் செருகினாலும் தண்ணீர் ஏறும். ஆனால் காற்று ஒரு பக்கமாகவே ஏறிப் பாதிக் குழாய் சும்மா நிற்கும். குழாயைச் சுற்றிலும் காற்று நுழையச் செய்ய, அதற்கு மேல் ஓர் உறை போட வேண்டும். செய்முறை வருமாறு.

90 மி.மீ. குழாயை 1.1 மீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அடி முனையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதன் விளிம்பைப் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டால் கோடு சாயாமல் வரும். அந்தக் கோட்டின் மேல் சம இடைவெளியில் 3 மி.மீ. துளைகள் 18 போட வேண்டும். இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு: அரை அங்குல ஹோஸின் உள்பரப்பும் 3 மி.மீ. துளைகள் 18-இன் மொத்தப் பரப்பும் ஏறத்தாழ ஒன்று, 127 சதுர மி.மீ. துளைகள் அதைவிடக் குறைந்தால் காற்று அங்கே நெரியும். காற்றை ஊதும் எந்திரமான புளோயருக்கு வீண் சுமை. துளையிட்ட பிறகு குழாயின் உட்புறத்தில் நிற்கும் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் இழைப்பாசி அதில்தான் முதலில் பிடிக்கும்.

உறைக்கு 110 மி.மீ. குழாயில் 15 செ.மீ. துண்டு ஒன்றும், 110-லிருந்து 90-க்குக் குறையும் ரெடியூசர் இரண்டும் தேவை. ரெடியூசரின் 90 மி.மீ. வாய்க்குள் குழாய் மேலும் நுழையாமல் தடுக்கும் சிறு விளிம்பு ஒன்று இருக்கும். அதை அரை வட்ட அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டால் ரெடியூசர் குழாயின் மேல் தாராளமாக நகரும். துளை வளையம் உறையின் நடுவில் அமையுமாறு இரண்டு ரெடியூசர்களையும் துண்டையும் பொருத்திச் சொல்யூஷன் பூசி ஒட்டுங்கள். உறையின் மேற்பகுதியில் அரை அங்குல நிப்பிள் ஒன்றைப் பொருத்தி அதில் ஹோஸை மாட்டிக் கிளாம்ப் போட வேண்டும். ஒரு நாள் காய விட்டு, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி ஊதிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

துளை வளையத்துக்குக் கீழே 15 செ.மீ. குழாய் விட்டதும் காரணத்தோடுதான். அடி முனையிலேயே காற்றை விட்டால் அதில் ஒரு பங்கு வெளியே தப்பிப் பெட்டிக்குள் ஏறிவிடும். குழாயை நிறுத்தும்போது நட்டமாக நிறுத்துவதும் முக்கியம். ஒரு பக்கம் சாய்ந்தால் உயரமான பக்கத்துத் துளைகளில் மட்டும் காற்று வந்து, மற்றவை அடைபடத் தொடங்கும்.

ஏர் ஸ்டோனைக் குழாய்க்குள் போட்டால் இன்னும் நுண்ணிய குமிழி வருமே என்று கேட்பவர்கள் உண்டு. கல்லே குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும், சில வாரங்களில் அதுவும் அடைத்துக்கொள்ளும். தண்ணீரைத் தள்ளுவதற்கு அவ்வளவு நுண்ணிய குமிழி தேவையும் இல்லை.

மேல் முனையில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 டிகிரி எல்போ இரண்டைச் சேர்த்துப் போட்டால் திருப்பம் மெதுவாகி ஓட்டம் கூடும். அந்த வாய், மீன் தொட்டியின் நீர்மட்டத்தோடு சேர்ந்தாற்போல, பாதி அமிழ்ந்தும் பாதி வெளியேயும் இருக்கலாம். தார்ப்பாய்த் தொட்டியில் இங்கே ஒரு சிக்கல் வரும். நீர்மட்டத்துக்கு மேல் விளிம்பு 20 செ.மீ. உயர்ந்து நிற்பதால், தார்ப்பாயை ஓட்டை போட மனமில்லாமல் குழாயை விளிம்பைத் தாண்டி வளைத்துவிடுவார்கள். அமிழ்வு 85 செ.மீ. ஆக இருக்கும்போது 25 செ.மீ. ஏற்றம் கொடுத்தால் விகிதம் 77 விழுக்காடு. சுவரில் நீர்மட்ட உயரத்தில் பிளாஞ்சு (துளையில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) பொருத்தி உள்ளே விட்டால் ஏற்றம் 5 செ.மீ., விகிதம் 94. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வாயில் கையை வைத்தாலே தெரியும். ரப்பர் வாஷர் இருபுறமும் வைத்து முறுக்கினால் தார்ப்பாய் கசியாது, பயப்பட வேண்டியதில்லை.

பெட்டிகளின் வரிசை

மீன் தொட்டியின் நடுவடிவாரத்திலிருந்து கசடு படியும் தொட்டிக்கும், அங்கிருந்து, நுண்ணுயிர்கள் அம்மோனியாவைக் குறைக்கும் உயிரி வடிகட்டிக்கும் தண்ணீர் தானாக வழிந்து செல்ல வேண்டும். ஏர்லிஃப்ட் நிற்க வேண்டிய இடம் கடைசிப் பெட்டி. அது தண்ணீரை வெளியேற்றும்போது அந்தப் பெட்டியில் நீர்மட்டம் சில சென்டிமீட்டர் தாழ்கிறது; அந்தத் தாழ்வுதான் மீன் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது. முதலிலேயே வைத்தால் எச்சமும் தீவனத் துகளும் குழாய்க்குள் குமிழியோடு அடிபட்டுக் கரைந்துபோய்ப் படிய மறுக்கும்.

வழிந்து செல்லும் குழாயில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நிமிடத்துக்கு 210 லிட்டரை ஒரே குழாயில் விடுவதாகவும், நுழைவாய், வெளிவாய், இரண்டு மூன்று வளைவுகள் இருப்பதாகவும் கொண்டால், 90 மி.மீ. குழாய் 7 செ.மீ. நீர்மட்டத்தைத் தின்றுவிடும்; 110 மி.மீ. குழாய் 3 செ.மீ. மட்டும் எடுக்கும், 160 மி.மீ. குழாயில் 1 செ.மீ. கூட ஆகாது. ஏர்லிஃப்ட் சிரமப்பட்டு ஏற்றிக்கொடுக்கும் 5, 6 செ.மீ. முழுவதும் ஒரு குறுகிய குழாயில் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அதற்காக மிகப் பெரிய குழாயும் ஆகாது. வேகம் குறைந்து எச்சம் குழாய்க்குள்ளேயே படியத் தொடங்கும். மீன் தொட்டியிலிருந்து கசடு தொட்டி வரை 110, அதற்கு அப்பால் தெளிந்த தண்ணீருக்கு 160 என்பது நடுவழி.

கடைசிப் பெட்டியும் மீன் தொட்டியின் அளவுக்கே ஆழமாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்க. பெட்டியை 50 செ.மீ. தரைக்குள் இறக்கினால் அமிழ்வு கூடி ஓட்டமும் கூடும். ஆனால் காற்றை அவ்வளவு ஆழத்துக்கு அழுத்தும் புளோயரும் வேண்டும். பல மீட்டர் ஆழத்தில் காற்றைவிடும்போது தண்ணீரில் நைட்ரஜன் மிகையாகக் கரைந்து மீனின் துடுப்பிலும் கண்ணிலும் குமிழி தோன்றும் அபாயம் உண்டு. ஒன்றரை மீட்டருக்குள் நிற்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

புளோயர்

கிணற்றுக் கம்ப்ரசர் சும்மா கிடக்கிறதே என்று அதைத் தொட்டிக்கு மாட்டாதீர்கள். சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் கொடுக்கும் அந்த எந்திரம் 70 மீட்டர் ஆழத்துக்குக் காற்றை அனுப்ப வல்லது. நமக்கு வேண்டியது 1 மீட்டர். மின்சாரம் வீணாவதோடு, பிஸ்டனுக்கு இடும் எண்ணெய் காற்றோடு வந்து நீர்ப்பரப்பில் படலமாக மிதக்கும்.

1 மீட்டர் நீராழத்துக்கு 98 மில்லிபார் அழுத்தம் வேண்டும். நம் அமைப்பின் 85 செ.மீ. அமிழ்வை 90 என்றே கொண்டால் 88, குழாய்களிலும் துளைகளிலும் போவது 20 என்று வைத்தால், 110 மில்லிபாரில் தேவையான காற்றைத் தரும் எந்திரம் போதும். ஏர்லிஃப்ட் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 100 லிட்டர், ஏர் ஸ்டோன்களுக்கு 300 லிட்டருக்கு மேல் என்றால் மொத்தம் 500 முதல் 550 லிட்டர், அதாவது மணிக்கு 30 முதல் 33 கன மீட்டர். ரிங் புளோயரின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண், அழுத்தமே இல்லாதபோது வரும் காற்றின் அளவு. கடைக்காரர் அதைத்தான் காட்டுவார். 110 மில்லிபாரில் எவ்வளவு என்று வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஏர்லிஃப்ட் ஒன்று மட்டும் ஓட்டும் சிறு தொட்டிக்கு ரிங் புளோயரே வேண்டாம். டயாஃப்ரம் வகை ஏர் பம்பு குறைந்த மின்சாரத்தில் சத்தமில்லாமல் அதைச் செய்துவிடும்.

ரிங் புளோயரின் காற்று கூடுதலாக இருந்தால் வால்வை மூடி நெரிக்கக் கூடாது, எந்திரம் சூடேறும். பிரதான குழாயில் ஒரு கிளை வைத்து மிச்சக் காற்றை வெளியே விடுங்கள். வெளிவரும் காற்றும் சூடாகவே இருக்கும், அதில் பி.வி.சி. குழாய் இளகி வளைந்துவிடும் என்பதால் முதல் 2 மீட்டருக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போடுவது வழக்கம். புளோயரை நீர்மட்டத்துக்கு மேலே, நிழலில், தூசி வராத இடத்தில் வைத்து, ஒரே திசையில் மட்டும் காற்றை விடும் என்.ஆர்.வி. வால்வும் பொருத்தினால்தான் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் பின்னோக்கி ஏறி எந்திரத்துக்குள் புகாது.

காற்று எப்போதும் எளிதான வழியைத் தேடிப் போகும் என்பதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். எங்களிடம் ஒரே புளோயரில் மூன்று தொட்டிகள் ஓடின. ஒரு நாள் மாலை, முதல் தொட்டியில் வலை வீசுவதற்காகத் தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறக்கிவிட்டு, வியாபாரியின் வண்டிக்காகக் காத்திருந்தோம். அந்தத் தொட்டியில் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி பொங்கியது. நன்றாகத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மற்ற இரண்டு தொட்டிகளிலும் ஒரு குமிழிகூட இல்லை. ஆழம் குறைந்த தொட்டியில் அழுத்தம் குறைவு என்பதால் காற்று முழுவதும் அங்கேயே போய்விட்டது. திரும்பி வந்தபோது மூன்றாவது தொட்டியில் மீன்கள் வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. அன்றைக்கு 40 கிலோவுக்கு மேல் போயிற்று. இப்போது ஒவ்வொரு தொட்டிக்கும், தொட்டிக்குள் ஏர்லிஃப்டுக்குத் தனி, ஏர் ஸ்டோனுக்குத் தனி என்று பால் வால்வ் வைத்திருக்கிறோம். தண்ணீரை இறக்கும் முன் அந்தத் தொட்டியின் வால்வை மூடுவது எழுதி ஒட்டிய விதி. காற்று வளையங்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான், 60 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் 90-இல் ஒன்றும் இருந்தால் இரண்டாவது ஓடாது.

ஓட விட்டு அளப்பது

வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்தால் முதலில் குழாயில் குமிழி மட்டும் ஏறும். பிறகு தண்ணீர் விட்டுவிட்டு, "குபுக், குபுக்" என்று கொட்டும். இன்னும் திறந்தால் ஓட்டம் கூடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் காற்றைக் கூட்டினால் வாயில் சாரல் தெறிக்கும், சத்தம் கூடும், தண்ணீர் குறையும். குழாயின் நடுவே காற்று வழி செய்துகொண்டு, தண்ணீர் சுவரை ஒட்டி மெல்லிய படலமாகிவிடுகிறது. சாரல் தொடங்கும் இடத்திலிருந்து வால்வைச் சற்றே பின்னுக்குத் திருப்பி நிறுத்துங்கள்.

எவ்வளவு வருகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு மடங்காகச் சொல்வார்கள். நுரையும் குமிழியும் ஏமாற்றும். வாளி பிடித்து அளக்கவும் முடியாது, ஏனெனில் வாய் நீர்மட்டத்திலேயே இருக்கிறது. வாளிக்காக அதை உயர்த்தினால் ஓட்டமே மாறிவிடும். இதற்கு ஒரு பெரிய குப்பைப் பை போதும். பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்று முழுவதையும் பிழிந்து வெளியேற்றிவிட்டுத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கைப்பேசியில் நேரம் பார்க்க, மற்றவர் பையின் வாயை எல்போவின் மேல் ஒரே வீச்சில் மாட்ட வேண்டும். 10 விநாடியில் எடுத்து வாயைச் சுருட்டிப் பிடித்து, தண்ணீரை அளவு தெரிந்த வாளியில் ஊற்றுங்கள். 20 லிட்டர் இருந்தால் நிமிடத்துக்கு 120. முதல் முறை பாதி சிந்தும். ஐந்து முறை எடுத்து நடு அளவைக் கொள்ளலாம். அந்த எண்ணைப் பெட்டியின் மேல் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு ஓட்டம் குறைகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் அழுக்குதான். குழாயின் உட்சுவரில் வழுவழுப்பாகப் படியும் உயிரிப் படலம் சில மாதங்களில் 90 மி.மீ.யை 80 ஆக்கிவிடும், நத்தையும் ஒட்டும். மாதம் ஒரு முறை நீளமான பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துவிட வேண்டும். அதற்காகவே மேல் எல்போவை ஒட்டாமல் செருகி மட்டும் வைப்பது வழக்கம். கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் காற்றுத் துளைகளில் சுண்ணாம்பும், இரும்புள்ள தண்ணீரில் செம்மண் நிறக் கறையும் படியும். குழாயைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். கறையை ஊசியால் குத்தியெடுக்க வேண்டியதுதான். அடிமுனையில் 5 மி.மீ. வலை கட்டினால் வடிகட்டியின் பிளாஸ்டிக் துண்டுகள் ஏறிவராது, ஆனால் வலையை வாரம் ஒரு முறை தேய்க்க வேண்டும். மீன் குஞ்சு தப்பி உள்ளே போனாலும், வெட்டும் இலைகள் இல்லாததால் அது மறுமுனையில் உயிரோடு வந்துவிழும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இந்தக் குழாயை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். உப்புநீரில் துருப்பிடிக்க எதுவும் இல்லை என்பது இன்னொன்று.

மண் குளத்துக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். 2 மீட்டர் ஆழக் குளத்தில், வெயில் நேரத்தில் மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் கலக்க ஏர்லிஃப்ட் நன்றாக உதவும். அடிவாயைச் சேற்றிலிருந்து ஓர் அடி உயர்த்தி வைக்க வேண்டும். விடியற்காலையில் மீன் மேலே வந்து தவிக்கும்போது அதை நம்பக் கூடாது. நல்ல துடுப்புச் சக்கர ஏரேட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ ஆக்சிஜனைக் கரைக்கும். ஆழம் குறைந்த இடத்தில் குமிழியால் அந்த அளவை எட்ட முடியாது. குளத்துக்குள் நீண்ட ஓடைபோல் தொட்டி கட்டி, அதன் தலைப்பில் வரிசையாகக் காற்றைவிட்டு நீரை ஓட வைக்கும் முறையை அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் வளர்த்தெடுத்தார்கள். அங்கேயும் ஏற்றம் ஏறக்குறைய பூச்சியம். ஓட்டம் மட்டுமே நோக்கம்.

மின்சாரம் நிற்கும்போது

ஏர்லிஃப்ட் நின்றவுடன் எல்லாப் பெட்டிகளிலும் நீர்மட்டம் ஒன்றாகிவிடும். ஓடும்போது கடைசிப் பெட்டி மீன் தொட்டியைவிட 6 செ.மீ. தாழ்ந்திருந்தால், நின்ற பிறகு அது ஏறக்குறைய அந்த 6 செ.மீ.யும் உயரும், மீன் தொட்டி பரந்தது என்பதால் அங்கே இறங்குவது கண்ணுக்கே தெரியாது. ஆகவே எல்லாப் பெட்டிகளின் விளிம்பும் மீன் தொட்டியின் நீர்மட்டத்தைவிடக் குறைந்தது 10 செ.மீ. உயர்ந்திருந்தால் ஒரு சொட்டும் வழியாது. அதை மறந்து தாழ்வான பெட்டி வைத்தால், மீன் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 125 லிட்டர் வீதம் இரவெல்லாம் வெளியே வழிந்துகொண்டிருக்கும்.

மீனுக்கு நேரம் மிகக் குறைவு. மணிக்கு 100 கிராம் செலவாகும் தொட்டியில், 12,500 லிட்டரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் இருப்பது 62 கிராம். 2 மில்லிகிராமுக்கு இறங்க இருபது நிமிடம் சற்று மேலே ஆகும், அவ்வளவுதான். இன்வெர்ட்டரில் ஓடும் சிறிய டயாஃப்ரம் பம்பு ஒன்றை ஏர் ஸ்டோன்களுக்கு மட்டும் இணைத்து வைத்தால் ஜெனரேட்டரைக் கிளப்பும் வரை தாக்குப்பிடிக்கலாம். அந்த நேரத்தில் ஏர்லிஃப்ட் வால்வை மூடிவிடுங்கள், தண்ணீர் சுற்றாவிட்டாலும் மீன் பிழைக்கும். தீவனம் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் மின்வெட்டு வழக்கமாக வரும் ஊரானால் தீவன நேரத்தை மாற்றிக்கொள்வதே மேல்.

எல்லாம் மாட்டி முடித்தவுடன், தொட்டியில் மீன் இல்லாதபோதே, பகல் வெளிச்சத்தில் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓடும்போதிருந்த நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, நின்ற பிறகு எங்கே வந்து நிற்கிறது, காற்றுக் குழாயில் தண்ணீர் பின்னேறுகிறதா, எந்தப் பிளாஞ்சு கசிகிறது என்று கவனியுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சுவிட்சைப் போட்டு, தண்ணீர் பழைய குறிக்கே திரும்பி வந்து நின்றால், குஞ்சு வாங்கக் கிளம்பலாம்.